குழிக்கு முன்னும் பின்னும்



நியூயார்க் நகரத்துக்கு 1755இல் போட்ட ஒரு வரைபடம் இருக்கிறது. மேர்ஷால்க் என்ற நில அளவையாளர் வரைந்தது. அன்றைய நகர எல்லைக்கு வெளியே, ஒரு குளத்தின் அருகே, நீக்ரோக்களின் இடுகாடு என்று அதில் தெளிவாகக் குறித்திருக்கிறார். பூட்டி வைத்த ஆவணமல்ல, ஆய்வாளர்கள் நன்கு அறிந்த வரைபடம்தான். 1990 டிசம்பரில் அந்த இடத்தை அமெரிக்க மத்திய அரசின் பொதுச் சேவை நிர்வாகம் நகராட்சியிடமிருந்து வாங்கியது. அங்கே 34 மாடி அலுவலகக் கட்டடம் எழும்ப வேண்டும். சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கை எழுதியவர்கள் வரைபடத்தைப் பார்த்தார்கள், இடுகாடு இருந்ததையும் எழுதினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த கட்டடங்களின் ஆழமான நிலவறைகள் கல்லறைகளை எப்போதோ அழித்திருக்கும் என்றும் சேர்த்து எழுதி, கட்டட வேலைக்கு வழிவிட்டார்கள்.

1991 கோடையில் எலும்புகள் வெளிவரத் தொடங்கின. அந்த நிலம் ஒரு காலத்தில் பள்ளமாக இருந்தது. நகரம் வளர்ந்தபோது அதன்மேல் மண் கொட்டி மேடாக்கியிருந்தார்கள், சில இடங்களில் இருபது அடிக்கும் மேல். அந்த மண்தான் இறந்தவர்களைக் காப்பாற்றி வைத்திருந்தது. பல இடங்களில் நிலவறைகள் அவர்களைத் தொடவே இல்லை.

யார் அவர்கள்? நியூயார்க்கைக் கட்டிய கைகள். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், அவர்களுக்குப் பிறந்தவர்கள், விடுதலை பெற்ற சிலர். நகரத்தின் பெரிய தேவாலயமான டிரினிட்டி 1697இல் தன் கல்லறைத் தோட்டத்தில் கறுப்பர்களைப் புதைக்கக் கூடாது என்று தடை போட்டது. 1722இல் இரவில் அடக்கம் செய்யக் கூடாது என்று சட்டம் வந்தது. 1731இல் அடக்கத்துக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடக் கூடாது என்று இன்னொரு சட்டம். பகல் முழுவதும் முதலாளிக்கு உழைக்கிறவன் தன் பிள்ளையை எந்த நேரத்தில் புதைப்பான்? அந்தக் கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை. 1795 வரை அந்த நிலம் பயன்பாட்டில் இருந்தது. பதினைந்தாயிரம் பேர்வரை அங்கே புதைக்கப்பட்டிருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு.

இந்த இடத்தை நான் முதலில் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதன் சோகம் மட்டுமல்ல. ஒதுக்கப்பட்டவர்களின் வரலாற்றை நகரத்துக்குள் தோண்டி எடுக்க யார் பணம் தருவது, எப்போது தருவது, அந்தப் பணத்தோடு என்னென்ன நிபந்தனைகள் வரும் என்ற கேள்விகள் எல்லாம் இந்த ஒரே குழியில் மோதிக்கொண்டன. இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

முதலில், அங்கே தோண்டுவதற்குப் பணம் எப்படி வந்தது? அமெரிக்காவில் 1966இல் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் 106ஆம் பிரிவு, மத்திய அரசின் பணத்தில் அல்லது அனுமதியில் நடக்கும் எந்த வேலையும் வரலாற்று முக்கியத்துவம் உள்ள இடத்தைப் பாதிக்குமா என்று முன்கூட்டியே பார்க்கச் சொல்கிறது. 1974இல் வந்த இன்னொரு சட்டம், திட்டச் செலவில் ஒரு சதவீதம்வரை தொல்லியல் தரவுகளை மீட்கச் செலவிடலாம் என்று அனுமதித்தது. இங்கிலாந்து 1990இல் தன் திட்டமிடல் விதிகள் வழியாக இதே திசையில் போனது. மண்ணைக் கலைக்கிறவர் அதன் வரலாற்றுக்கும் செலவு செய்ய வேண்டும் என்பது இரண்டுக்கும் அடிப்படை. நல்ல கொள்கைதான். கடந்த ஐம்பது ஆண்டுகளில் அந்த நாடுகளின் நகரங்களில் நடந்த அகழாய்வுகளில் பெரும்பங்கு இந்தப் பணத்தில்தான் நடந்தது.

ஆனால் அந்தப் பணத்தின் நோக்கம் என்ன? கட்டடம் எழும்ப வேண்டும். அதற்குள் நிலத்தைக் காலி செய்து தர வேண்டும். நியூயார்க்கின் அந்த இடுகாட்டிலும் அப்படித்தான் நடந்தது. ஒப்பந்தத் தொல்லியல் நிறுவனம் ஒன்று வந்தது, எலும்புகளை எடுத்தது. அவசரத்தில் 1992 தொடக்கத்தில் சில கல்லறைகளை இயந்திரமே சிதைத்துவிட்டது. எடுத்த எலும்புகள் நகரத்திலிருந்த ஒரு கல்லூரிக்குப் போய்ச் செய்தித்தாளில் சுற்றிக் கிடந்தன. அந்த எலும்புகளிடம் என்ன கேட்க வேண்டும் என்று எழுதிய ஆய்வுத் திட்டம்கூட அப்போது இல்லை.

கறுப்பின மக்கள் தெருவுக்கு வந்தார்கள். குழியைச் சுற்றி இரவு விழிப்புக் கூட்டங்கள் நடந்தன. அப்போதைய மேயர் டேவிட் டிங்கின்ஸ், நகரத்தின் முதல் கறுப்பின மேயர், நிர்வாகத்துக்கு எதிராகக் குரல் கொடுத்தார். கஸ் சாவேஜ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், பொதுக் கட்டடங்களுக்கு நிதி ஒதுக்கும் துணைக் குழுவின் தலைவர், 1992 ஜூலையில் விசாரணை நடத்தினார். அவர் கையில் இருந்த ஆயுதம் நிதிதான். தோண்டுவதை நிறுத்தாவிட்டால் நிர்வாகத்தின் மற்றக் கட்டடங்களுக்கும் பணம் வராது என்ற நிலை உருவானது. சில நாட்களில் தோண்டுதல் நின்றது. அக்டோபரில், கட்டடத்தின் ஒரு பகுதியைக் கைவிட்டு நினைவிடத்துக்கு 30 லட்சம் டாலர் ஒதுக்கும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் புஷ் கையெழுத்திட்டார்.

அதற்குப் பின் நடந்ததுதான் என்னை மிகவும் ஈர்க்கிறது. எலும்புகள் வாஷிங்டனில் இருக்கும் ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டன. அது கறுப்பின மக்களின் வரலாற்றோடு பிணைந்த பல்கலைக்கழகம். அறிவியல் இயக்குநராக மைக்கேல் பிளேக்கி வந்தார். அவர் வந்ததும் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக வகுத்தார். பணம் கொடுப்பவர் ஒரு வாடிக்கையாளர், அவர் பொதுச் சேவை நிர்வாகம். ஆனால் அறம் சார்ந்த வாடிக்கையாளர் வேறு ஒருவர், இறந்தவர்களின் வழித்தோன்றல்கள். ஆய்வின் நோக்கத்துக்கு இந்த இரண்டாமவரிடம்தான் ஒப்புதல் பெற வேண்டும். ஆய்வுத் திட்டத்தை எழுதி மக்கள் முன் வைத்தார்கள். கூட்டம் கூட்டமாக வந்து பேசினார்கள். அந்த உரையாடலில் நான்கு கேள்விகள் திரண்டன: இவர்கள் ஆப்பிரிக்காவின் எந்தப் பகுதிகளிலிருந்து வந்தார்கள், எப்படிப்பட்ட உடல் வாழ்க்கை வாழ்ந்தார்கள், ஆப்பிரிக்கர் என்ற அடையாளம் ஆப்பிரிக்க அமெரிக்கர் என்று மாறியது எப்படி, அடிமைத்தனத்தை எதிர்த்தது எப்படி.

கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். கட்டடம் கட்டுகிறவர் எழுதிய டெண்டரில் அந்தக் கேள்வி ஒருநாளும் வந்திருக்காது. இனத்தை மண்டையோட்டு அளவால் வகைப்படுத்தும் பழைய பழக்கத்தில் ஊறிய ஆய்வகமும் அதைக் கேட்டிருக்காது. இறந்தவர்களின் வழித்தோன்றல்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்ததால்தான் அந்தக் கேள்வி எழுந்தது.

விடைகளும் வந்தன. 419 பேரின் எச்சங்கள் ஆராயப்பட்டன. அவர்களில் ஏராளமானோர் குழந்தைகள். பற்களின் மேற்பூச்சில் இளவயதுப் பட்டினியும் நோயும் விட்டுச்சென்ற கோடுகள். தசைகள் எலும்போடு சேரும் இடங்களில் அளவுக்கு மீறிய சுமையின் தழும்புகள், பெண்களிடமும். இருபதுக்கும் மேற்பட்டோரின் பற்கள் ஆப்பிரிக்க வழக்கப்படி அரம்போட்டு வடிவமைக்கப்பட்டிருந்தன. 340ஆம் கல்லறையில் ஒரு பெண். அவள் இடுப்பைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட மணிகளும் சில சோழிகளும். தன்னுடையது என்று எதுவும் இல்லாத வாழ்க்கையில் இத்தனை மணிகளை யாரோ ஒருவர் அவளோடு புதைத்திருக்கிறார்கள், அவற்றை விற்காமல். 101ஆம் கல்லறையின் சவப்பெட்டி மூடியில் ஆணிகளால் இதய வடிவம் போட்டிருந்தது. அது மேற்கு ஆப்பிரிக்காவின் சன்கோபா குறி என்று ஒரு சாரார் சொன்னார்கள். இல்லை, ஆங்கிலேயச் சவப்பெட்டிகளிலும் இதயம் உண்டு என்று பின்னர் வரலாற்றாசிரியர் எரிக் சீமன் வாதிட்டார். அந்த விவாதம் நடப்பதே எனக்கு மகிழ்ச்சிதான். கேள்வி கேட்க ஆட்களும் பணமும் இருந்ததன் அடையாளம் அது.

ஆனால் பணம் எளிதாக வரவில்லை. மரபணு ஆய்வுக்கும் வேதியியல் ஆய்வுக்கும் நிதி தருவதில் நிர்வாகத்துக்கும் ஆய்வுக் குழுவுக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் இழுபறி. தோண்டுவதற்கு வந்த பணத்தை யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை, ஏனென்றால் தோண்டினால் கட்டடம் எழும்பும். எலும்பு பேசத் தொடங்கியதும் ஒவ்வொரு டாலருக்கும் விளக்கம் கேட்டார்கள். ஒரு வழியாக 2003 அக்டோபரில் 419 பேரும் கானா நாட்டில் கையால் செதுக்கிய சவப்பெட்டிகளில், வாஷிங்டனிலிருந்து ஊர் ஊராக மரியாதை பெற்றுக்கொண்டே நியூயார்க் வந்து, அதே மண்ணில் மீண்டும் புதைக்கப்பட்டார்கள். 2006இல் அந்த இடம் தேசிய நினைவுச் சின்னமானது. 2007இல் நினைவிடம் திறந்தது. முதல் எலும்பு வெளிவந்து பதினாறு ஆண்டுகள். கட்டடமோ எப்போதோ எழுந்து நின்றது.

அதே 1991இல், அங்கிருந்து சற்றுத் தள்ளி, இன்னொரு கட்டடம். நீதிமன்றம். அதற்குக் கீழே பைவ் பாயின்ட்ஸ் என்ற குடியிருப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பத்திரிகைகள் அமெரிக்காவின் மிக மோசமான சேரி என்று எழுதிய இடம். அயர்லாந்திலிருந்து பசிக்கு ஓடிவந்தவர்கள், கறுப்பர்கள், யூதத் தையல்காரர்கள் நெருங்கி வாழ்ந்த இடம். அதன் கழிவுக் குழிகளிலிருந்து சுமார் எட்டரை லட்சம் பொருட்கள் கிடைத்தன. தேநீர்க் கோப்பைகள், அலங்காரப் பீங்கான், குழந்தைகளின் குவளைகள், தையல் ஊசிகள். குற்றவாளிகளின் குகை என்று எழுதப்பட்ட வீடுகளில் உழைத்துச் சம்பாதித்த காசில் மேசையை அழகாக வைத்திருந்த குடும்பங்கள் இருந்தன என்று ரெபெக்கா யாமின் தலைமையிலான குழு நிறுவியது. அந்த ஆய்வுக்கும் நிதி வந்தது. 2000இல் அறிக்கை முடிந்தது.

அந்தப் பொருட்கள் உலக வர்த்தக மையத்தின் ஆறாம் எண் கட்டடத்து நிலவறையில் வைக்கப்பட்டிருந்தன. 2001 செப்டம்பர் 11 அன்று ஏறக்குறைய எல்லாம் அழிந்தன. கண்காட்சிக்கு இரவலாக வெளியே போயிருந்த 18 பொருட்கள் மட்டுமே மிஞ்சின. ஆய்வுச் செலவை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டிருந்தால் அந்தக் குடும்பங்களைப் பற்றி இன்று நமக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஆய்வு என்பது தோண்டலுக்குப் பிந்திய சொகுசு என்று நிதிக் குழுக்களில் பேசுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நிலவறைதான் நினைவுக்கு வரும்.

தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவின் சான் ஹோசே சாட்சி. அந்த ஊரின் நடுவில் ஒரு சீனர் குடியிருப்பு இருந்தது. 1887 மே மாதம் அதற்குத் தீ வைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். நூறாண்டு கழித்து, 1985-86இல், நகர மறுமேம்பாட்டுக்காக அதே இடத்தைத் தோண்டியபோது அவர்களுடைய சமையலறைப் பாத்திரங்களும் மருந்துப் புட்டிகளும் விளையாட்டுக் காய்களும் வந்தன. தோண்டியெடுக்கப் பணம் இருந்தது. பெட்டிகளில் போட்டார்கள். கிடங்கில் அடுக்கினார்கள். 2002வரை பெரும்பாலானவை அப்படியே கிடந்தன. பிறகு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் பார்பரா வாஸ், உள்ளூர்ச் சீன அமெரிக்கர்களின் வரலாற்று அமைப்போடு சேர்ந்து பெட்டிகளைத் திறந்தார். மாணவர்கள் வகுப்பறைப் பயிற்சியாகவே ஓடு ஓடாகப் பட்டியலிட்டார்கள். 2021 செப்டம்பரில் சான் ஹோசே நகராட்சி தீவைப்புக்கும் பாகுபாட்டுக்கும் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. அந்த மன்னிப்புக்கு வேறு பல காரணங்களும் உண்டு. ஆனாலும் அந்தப் பெட்டிகள் மூடியே கிடந்திருந்தால் அந்த ஊரின் நினைவு இவ்வளவு திடமாகத் திரும்பியிருக்குமா என்பது என் சந்தேகம்.

கட்டடக்காரரின் பணத்துக்கு வெளியே என்ன வழி உண்டு? மக்களே தொடங்கிய ஒரு முயற்சியைச் சொல்கிறேன். புரூக்ளினில் வீக்ஸ்வில் என்று ஒரு குடியிருப்பு. நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை 1827இல் முடிந்தது. அதற்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து, ஜேம்ஸ் வீக்ஸ் என்ற துறைமுகத் தொழிலாளி நிலம் வாங்கினார். கறுப்பர்கள் சொந்த நிலத்தில், சொந்தப் பள்ளியோடு, சொந்தப் பத்திரிகையோடு வாழ்ந்த ஊர் அவ்விடத்தில் வளர்ந்தது. நிலம் வாங்கியதில் இன்னொரு காரணமும் உண்டு. அன்று அந்த மாநிலத்தில் கறுப்பின ஆண் வாக்களிக்க வேண்டுமென்றால் 250 டாலர் மதிப்புள்ள சொத்து இருக்க வேண்டும். வெள்ளையருக்கு அந்த நிபந்தனை கிடையாது. பின்னாளில் புரூக்ளின் வீங்கிப் பெருத்து அந்த ஊரை விழுங்கியது, பெயரே மறந்துபோனது. 1968இல் ஜேம்ஸ் ஹர்லி என்ற வரலாற்று ஆசிரியரும் ஜோசப் ஹேன்ஸ் என்ற விமானியும் சிறு விமானத்தில் மேலே பறந்து தேடினார்கள். புதிய தெருக்கட்டத்துக்கு ஒத்துவராத கோணத்தில் ஒரு பழைய பாதையும் அதன் ஓரத்தில் நான்கு மர வீடுகளும் தெரிந்தன.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். பக்கத்துத் தெருக்காரர்களும் சாரணர் சிறுவர்களும் பள்ளிக் குழந்தைகளும் இடித்துப்போட்ட மனைகளில் தோண்டினார்கள். பி.எஸ். 243 என்ற அரசுப் பள்ளியின் குழந்தைகள் சில்லறை சேர்த்துக் கொடுத்தார்கள், வீடுகளைக் காப்பாற்றச் சொல்லி நகரச் சின்னங்கள் ஆணையத்தின் முன் போய்ப் பேசினார்கள். 1970இல் அந்த வீடுகள் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாயின. ஜோன் மேனார்டு என்ற பெண்மணி பல பத்தாண்டுகள் அந்த அமைப்பைத் தாங்கி நடத்தினார்.

இந்தக் கதையை இங்கேயே நிறுத்தி, மக்கள் நினைத்தால் முடியும் என்று கைதட்டிவிட்டுப் போவது எளிது. நான் அப்படிச் செய்ய மாட்டேன். பின்னர் நகராட்சி உதவியோடு வீக்ஸ்வில்லுக்குப் பெரிய புதிய கட்டடம் வந்தது. கட்டடம் கட்டப் பணம் தருகிறவர்கள் எப்போதும் கிடைப்பார்கள், திறப்பு விழாவும் கல்வெட்டும் உண்டல்லவா. அந்தக் கட்டடத்துக்கு விளக்கெரிக்கவும், வழிகாட்டிக்குச் சம்பளம் கொடுக்கவும், பொருட்களைப் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்ளவும் யார் தருவார்கள்? 2019இல் மூடும் நிலை வந்தது. இரண்டு லட்சம் டாலர் வேண்டும் என்று பொதுமக்களிடம் கையேந்தினார்கள். ஆயிரக்கணக்கானோர் சிறுகச் சிறுகக் கொடுத்து அந்த இலக்கைத் தாண்டவைத்தார்கள். அதே ஆண்டில், ஆண்டுதோறும் நடைமுறைச் செலவுக்கு நகராட்சி நிதி தரும் பண்பாட்டு நிறுவனங்களின் பட்டியலில் வீக்ஸ்வில் சேர்க்கப்பட்டது. தோண்டத் தொடங்கிய நாளிலிருந்து கணக்குப் போட்டால் ஐம்பது ஆண்டுகள் கழித்து.

மன்ஹாட்டனின் சென்ட்ரல் பூங்காவுக்குள் இருந்த செனிகா கிராமம் இதே ரகம். 1825இல் கறுப்பர்கள் நிலம் வாங்கிக் குடியேறிய ஊர். 1857இல் பூங்காவுக்காக அனைவரையும் வெளியேற்றினார்கள். 2011இல் அங்கே அகழாய்வு நடந்தது எட்டு வாரம். அந்த எட்டு வாரத்துக்கு முன் பத்தாண்டுக்கும் மேலான ஆவணத் தேடலும், தேவாலயங்களோடும் பூங்கா நிர்வாகத்தோடும் பேச்சும், தரைக்குள் ஊடுருவும் ரேடார் ஆய்வும் இருந்தன. எந்த நிதி அமைப்பும் விரும்பிப் பணம் தருவது அந்த எட்டு வாரத்துக்கு. பத்தாண்டுகளுக்கு விண்ணப்பப் படிவத்தில் பெரும்பாலும் இடமே இருப்பதில்லை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மக்கள் பங்கேற்பு என்றதும் நிதி தருகிறவர்கள் தன்னார்வலர்களை எண்ணிச் செலவைக் குறைத்துவிடுகிறார்கள். வேலை நாளில் வெயிலில் நின்று சும்மா மண் சலிக்க யாரால் முடியும்? ஓய்வூதியம் வாங்குகிறவரால் முடியும், கல்லூரி மாணவரால் முடியும். நாள்கூலிக்காரரால் முடியாது. யாருடைய வரலாற்றைத் தோண்டுகிறோமோ அவர்களே வர முடியாத பங்கேற்பாக அது ஆகிவிடும். 2009 டிசம்பரில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், டர்போ ஐலண்ட் என்று அழைக்கப்பட்ட சாலையோரத் துண்டு நிலத்தை ரேச்சல் கிடியும் ஜான் ஸ்கோபீல்டும் வீடற்றவர்களோடு சேர்ந்து தோண்டினார்கள். அங்கேயே உட்கார்ந்து குடித்து, தூங்கி, வாழ்ந்தவர்கள் கையில் கரண்டி பிடித்தார்கள். எந்தப் பொருள் எதற்குப் பயன்பட்டது, எந்த மூலை யாருடையது என்பதைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்களுக்கு அவர்கள்தான் விளக்க முடிந்தது. இப்படிப்பட்ட அறிவுக்கு மானியத் திட்டத்தில் ஊதியம் என்ற வரி இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டீயும் பிஸ்கட்டும் ஊதியமாகாது.

இதுவரை சொன்னதெல்லாம் மக்கள் ஆம் என்று சொன்ன இடங்கள். இல்லை என்று சொன்னால்? தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் அது நடந்தது. 2003இல் கிரீன் பாயின்ட் பகுதியில் பிரெஸ்ட்விச் தெருவில் அடுக்குமாடிக் கட்டடத்துக்குத் தோண்டியபோது எலும்புகள் வந்தன. அடிமைகள், ஏழைகள், கப்பலில் வந்து செத்தவர்கள் என்று தேவாலயத் தோட்டங்களில் இடம் கிடைக்காதவர்களின் இடுகாடு. 2,500க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள். 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அறுபது நாள் பொதுமக்கள் கருத்துக் கேட்பு நடந்தது. தோண்டாதே, அப்படியே விடு என்று ஒரு பெருங்கூட்டம் சொன்னது. பிரெஸ்ட்விச் தெருவில் கை வைக்காதே என்ற பெயரிலேயே குழு அமைத்தார்கள். தொல்லியலாளர்களில் பலர், எலும்பை ஆராய்ந்தால்தான் பெயரற்றவர்களுக்கு வரலாறு கிடைக்கும் என்று வாதிட்டார்கள். உயிரோடு இருந்தபோதும் எங்கள் முன்னோர்களின் உடலை அளந்தீர்கள், செத்த பிறகுமா என்று திருப்பிக் கேட்டார்கள் மக்கள். அரசு தோண்ட அனுமதித்தது. ஆனால் ஆய்வு நடக்கவில்லை. எலும்புகள் பெட்டிகளில் அடைக்கப்பட்டு, 2008இல் திறந்த பிரெஸ்ட்விச் நினைவகத்தில் வைக்கப்பட்டன. அதே கட்டடத்தில் ஒரு காப்பிக் கடையும் நடந்தது. நினைவகத்தைப் பராமரிக்க வருமானம் வேண்டுமென்பது நியாயமாகத் தோன்றலாம். முன்னோரின் எலும்புக்குப் பக்கத்தில் காப்பி விற்கத்தான் வேண்டுமா என்று கேட்டவர்களின் வலியை நான் பெரிதாக மதிக்கிறேன். பராமரிப்புக்கு நிதி வைக்காத அரசின் பிழைக்கு அவர்கள் விலை கொடுத்தார்கள்.

இந்த இடத்தில் நமக்கு ஓர் உறவு இருக்கிறது. 1652 முதல் 1808வரை கேப்புக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் ஏறத்தாழ 63,000 பேர் என்று ராபர்ட் ஷெல் கணக்கிட்டார். அவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் இந்தியத் துணைக்கண்டத்துக்காரர். வங்கம், மலபார், சோழமண்டலக் கரை என்று ஊர்ப்பெயரே அவர்களுடைய பெயரின் வாலாக ஆவணங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டச்சுக்காரர்களிடம் பழவேற்காடு இருந்தது, 1658இல் நாகப்பட்டினமும் வந்தது. அடுத்த ஆண்டுகளில் தஞ்சைச் சீமையில் பஞ்சம் வந்தபோது ஆயிரக்கணக்கானோரை அங்கிருந்து இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றினார்கள். பிரெஸ்ட்விச் தெருவில் கிடந்தவர்களில் நம் கரையில் பிறந்தவர் யார் என்று சொல்ல ஆய்வு இல்லை. இல்லாமல் இருப்பது அந்த மக்களின் முடிவு. அந்த முடிவை நான் ஏற்கிறேன். தொல்லியலாளர் என்ற முறையில் எனக்கு அது கடினம்தான். ஆனால் ஆய்வு வேண்டாம் என்று சொல்லும் உரிமை இல்லாதவரிடம் வாங்கும் ஒப்புதலுக்கு என்ன மதிப்பு? வேண்டாம் என்று மக்கள் சொன்னபின்னும் மறு அடக்கத்துக்கும் நினைவிடத்துக்கும் நிதி நிற்காமல் வர வேண்டும். நிதி ஒப்பந்தத்தில் அதை எழுதி வைக்க வேண்டும்.

இப்போது அமெரிக்காவில் நிலைமை என்ன? 2022 டிசம்பரில் ஆப்பிரிக்க அமெரிக்க இடுகாடுகளைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் வந்தது. ஆண்டுக்கு 30 லட்சம் டாலர்வரை மானியம் தர அது அனுமதிக்கிறது. அனுமதி வேறு, ஒவ்வோர் ஆண்டும் நிதிநிலையில் உண்மையாகவே ஒதுக்குவது வேறு. 2025 ஏப்ரலில் தேசிய மனிதவியல் நிதியம் ஏற்கெனவே கொடுத்திருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மானியங்களைப் பாதியில் ரத்து செய்தது. ஒரே அரசை, ஒரே அறக்கட்டளையை நம்பி இருக்கும் மக்கள் திட்டம் எதுவும் அரசியல் காற்று திசைமாறினால் நிற்காது.

கடைசியாக நம் ஊர். நம் தொல்லியல் சட்டம் 1958ஆம் ஆண்டினது. அறிவிக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி என்று 2010 திருத்தம் சொல்கிறது. அதற்கு வெளியே நகரத்தின் மற்ற மண் முழுவதும் வெறும் மண்தான். அங்கே அஸ்திவாரம் தோண்டுகிறவர் தொல்லியலுக்கு ஒரு ரூபாய் ஒதுக்க வேண்டும் என்ற பொதுக் கட்டாயம் இல்லை. கோயிலையும் கோட்டையையும் காக்க எழுதிய சட்டத்தின் கண்ணுக்குத் தொழிலாளர் குடியிருப்பு தெரியாது.

சென்னையின் பெரம்பூரை எண்ணிப் பாருங்கள். பக்கிங்ஹாம் அண்ட் கர்னாட்டிக் மில். 1918இல் மதராஸ் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்த மில்லைச் சுற்றித்தான். 1921 வேலைநிறுத்தமும் புளியந்தோப்பில் சாதிப் பிளவாக வெடித்த வன்முறையும் நூல்களில் இருக்கின்றன. ஆனால் அந்தக் குடும்பங்கள் எந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தார்கள், யார் வீடு எங்கே தொடங்கியது, எந்தச் சுவர் யாரைப் பிரித்தது, எரிந்த குடிசைகளின் சாம்பல் அடுக்கு எந்த ஆழத்தில் கிடக்கிறது என்பதை எந்த ஆவணமும் முழுதாகச் சொல்லாது. 1990களில் மில் மூடியது. அந்த நிலத்தில் இப்போது அடுக்குமாடிகள் எழுகின்றன. மெட்ரோவின் இரண்டாம் கட்டச் சுரங்கம் பெரம்பூர், அயனாவரம் வழியாகப் போகிறது. மண் எப்படியும் வெளியே வரத்தான் போகிறது. அதைப் பார்க்க ஒருவரையாவது அங்கே நிறுத்தியிருக்கிறோமா?

இந்த அவையில் மாநகராட்சியிலும் நகர வளர்ச்சிக் குழுமத்திலும் பணியாற்றுகிறவர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் நேராகவே கேட்கிறேன். பழைய தொழிலாளர் பகுதிகளில் பெரிய கட்டுமானத்துக்கு அனுமதி தரும்போது, கட்டுமானச் செலவின் சிறு பங்கைத் தொல்லியலுக்கு என்று தனிக் கணக்கில் கட்டச் சொல்லுங்கள். அந்தக் கணக்கைக் கட்டுகிறவரும் கையாளக் கூடாது, தோண்டுகிற நிறுவனமும் கையாளக் கூடாது. அந்த வட்டத்தில் வாழ்கிறவர்கள் பெரும்பான்மையாக உள்ள குழுவிடம் அது இருக்கட்டும். எதைத் தேடுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். அதில் பாதிக்குமேல் தோண்டி முடித்த பிறகுதான் செலவாக வேண்டும் என்று விதி எழுதுங்கள். ஆய்வுக்கு, பாதுகாப்புக்கு, அந்தத் தெருவிலேயே ஒரு காட்சி அறைக்கு, அதைப் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆளின் மாதச் சம்பளத்துக்கு. மண் சலிக்க வரும் உள்ளூர்க்காரருக்கு அரசு நிர்ணயித்த கூலி குறையாமல் போகட்டும்.

விதி எழுத ஆண்டுகள் ஆகலாம். அதற்கு முன் செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது. மில் மூடியபோது நாற்பது வயதில் இருந்தவர்கள் இப்போது எழுபதை நெருங்குகிறார்கள், தாண்டியும் விட்டார்கள். வரிசை வீடுகள் எங்கே இருந்தன, எந்தக் கிணறு யாருக்கு மறுக்கப்பட்டது என்று அவர்களில் பலரால் இன்னும் நடந்தே காட்ட முடியும். அந்த நடையைப் பதிவு செய்ய, அவர்கள் சொல்வதை வரைபடத்தில் ஏற்ற, அவர்களுடைய நேரத்துக்கு ஊதியம் கொடுக்க ஒரு குழி கூடத் தோண்ட வேண்டியதில்லை. அந்தத் தொகையை இந்த நிதியாண்டிலேயே ஒதுக்குங்கள்.